புதுக்கோட்டைக்கு வண்டி கட்டி வந்த கேமரா

சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவனுக்கு ஊர்ல ஒரு கூடுதல் பதவி உண்டு. பிளக் மாட்டி சார்ஜ் போடுற எந்தப் பொருளா இருந்தாலும் அவன்தான் ஆலோசகர். மிக்ஸி முதல் மோடம் வரைக்கும். பெங்களூர்ல இருந்து புதுக்கோட்டைக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரங்க, சித்தப்பாவோட சிநேகிதர்கள், கூடப் படிச்ச பசங்கன்னு யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க. "தம்பி, கேமரா ஒண்ணு வாங்கணும். சட்டைப்பையில போடுற மாதிரி சின்னதா இருக்கணும், ஆனா படம் பெரிய கேமரா மாதிரி வரணும். எத வாங்கலாம்?"

நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். என்ன எடுக்கப் போறீங்க, எப்படி எடுப்பீங்க?

இதைக் கேட்டதும் முகம் சுருங்கிடும். எத்தனை மெகாபிக்சல், எத்தனை எக்ஸ் ஜூம்னு சொல்லுவேன்னு பாத்தா, இவன் என்னடா நேர்முகத் தேர்வு நடத்துறான்னு ஒரு பார்வை. ஆனா இந்தக் கேள்வி நான் கண்டுபிடிச்சது இல்ல. இதே பெங்களூர்ல இருந்து கிளம்பி நம்ம புதுக்கோட்டை வரைக்கும் வந்து படம் எடுத்த ஒரு ஆளு, 1857 டிசம்பர்ல வண்டியேறுறதுக்கு முன்னாடியே இதுக்குப் பதில் யோசிச்சு வச்சிருந்தார். அந்தக் கதைய மொதல்ல சொல்லிடுறேன்.

பேரு லின்னேயஸ் டிரைப். 1822-ல இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் பட்டாளத்துல சேர்ந்து, 12-ஆவது மதராஸ் காலாட்படையில கேப்டன் வரைக்கும் வந்தார். 1850-களின் தொடக்கத்துல நீண்ட விடுப்புல ஊருக்குப் போனப்ப புகைப்படப் பைத்தியம் பிடிச்சுது. அப்போ அங்கே அதுதான் புது மோகம். திரும்பி வந்ததும் 1854 கடைசியில ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் 1855-ல மதராஸ் கண்காட்சியில் பரிசு வாங்கின. அதே வருஷம் பர்மா அரசரைப் பார்க்கப் போன தூதுக்குழுவோட அதிகாரபூர்வப் புகைப்படக்காரரா அனுப்பினாங்க. அதுக்கப்புறம் மதராஸ் மாகாண அரசாங்கத்தோட புகைப்படக்காரர். சம்பளம் வாங்கிக்கிட்டு கோயிலும் கோட்டையும் படம் எடுக்கிற வேலை. இந்த மாதிரி ஒரு வேலை இன்னிக்கு இருந்தா நான் இந்த நிமிஷமே பேப்பர் போட்டுடுவேன்.

கம்பெனிக்கு ஏன் இதுல அக்கறை? ரசனையெல்லாம் ஒண்ணும் இல்ல, கணக்குதான். அதுவரைக்கும் பழைய கட்டடங்களைப் பதிவு பண்ண ஓவியர்களை உக்கார வச்சு வரைய வச்சாங்க. மாசக்கணக்குல ஆகும், கூலி ஜாஸ்தி, வரையிறவர் கைக்கு வந்தபடி தூண்ல ரெண்டு கூடும் குறையும். கேமரா வந்தா வேகமாவும் முடியும், சரியாவும் இருக்கும்னு லண்டன்ல இருந்த இயக்குநர்கள் முடிவு பண்ணாங்க. பம்பாய் பக்கம் கேப்டன் பிக்ஸ், மதராஸ் பக்கம் டிரைப்.

ராயக்கோட்டை, சேலம் வட்டாரம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறுன்னு 1857 டிசம்பர்ல இருந்து 1858 ஏப்ரல் வரைக்கும் அவர் சுத்தினார். இந்தப் பக்கம் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் கம்பெனி ஆட்சி, நடுவுல புதுக்கோட்டைக்கு மட்டும் ராஜா. அப்போ ராமச்சந்திர தொண்டைமான் ஆட்சி. வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கல. அந்த நேரத்துல இங்கே ஒரு வெள்ளைக்காரர் மாட்டு வண்டியில பெட்டி பெட்டியா ரசாயனம், தாள், கண்ணாடி, மரக் கேமரா எல்லாம் ஏத்திக்கிட்டு வந்து இறங்குறார். அந்தப் பயணத்துல இருந்து ஊர்வாரியா ஆல்பங்கள் 1858-ல வெளியாச்சு. அதுல புதுக்கோட்டை பேர்லயே தனியா ஒண்ணு உண்டு. ஊர்ப் பேரை அவங்க நாக்குக்கு வந்தபடி 'பூடூகோட்டா'ன்னு அச்சடிச்சிருப்பாங்க.

இப்ப நம்ம விஷயம். அவரு எந்த கேமராவைத் தேர்ந்தெடுத்தார்?

அன்னிக்கு பிராண்டுச் சண்டை கிடையாது, ஆனா செய்முறைச் சண்டை இருந்துச்சு. 1839-ல டாகேர், 1841-ல டால்பட்டின் காகித நெகட்டிவ்னு தொடங்கின கலைக்கு 1851-ல ஒரே வருஷத்துல ரெண்டு புது வழி கிடைச்சுது. ஒண்ணு ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் சொன்ன ஈரக் கொலோடியான். கண்ணாடித் தகட்டுல பசை மாதிரி ஒரு திரவத்தை ஊத்திப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்ல முக்கி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து, ஈரம் காயறதுக்குள்ளயே கழுவியும் ஆகணும். படம் கத்தி மாதிரி துல்லியமா வரும். வெளிச்சம் பட வேண்டிய நேரமும் கம்மி. இன்னொண்ணு பாரிஸ்காரர் கஸ்டாவ் லெ க்ரே சொன்ன மெழுகுத்தாள். காகிதத்துல மெழுகு ஏத்தி, ரசாயனத்துல நனைச்சு, காய வச்சு முன்கூட்டியே அடுக்கி வச்சுக்கலாம். எடுத்த படத்தை ராத்திரி கூடாரத்துல வச்சு நிதானமா கழுவிக்கலாம். ஆனா படம் கண்ணாடி அளவுக்குத் துல்லியம் வராது, நிமிஷக் கணக்குல வெளிச்சம் காட்டணும்.

ஸ்பெக்கை மட்டும் பாத்தா கண்ணாடிதான் ஜெயிக்கும். அந்தக் காலத்துல பல பேரு அதுக்குத்தான் மாறினாங்க. டிரைப் பெரிய படங்களுக்கு மெழுகுத்தாளையே பிடிச்சுக்கிட்டார். அவர் எடுக்கப் போறது கோயில், கோட்டை, பாறை. அதெல்லாம் எங்கேயும் ஓடிப்போகாது, அஞ்சு நிமிஷம் கூட அசையாம நிக்கும். எடுக்கப் போற இடம் நம்ம ஊரு. ஈரம் காயறதுக்குள்ளன்னு இங்கே சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு கோடையில மொட்டை மாடியில துணி காயப் போட்டவங்களுக்குத் தெரியும். போக வேண்டிய சாலை மாட்டு வண்டிச் சாலை, கண்ணாடி உடையும், காகிதம் உடையாது. மெழுகுக்கும் வெயில் ஆகாதுதான், அதுக்கேத்த மாதிரி செய்முறையைக் கொஞ்சம் மாத்திக்கிட்டார். ஆனா ஸ்டீரியோ படங்கள்னு ஒண்ணு அப்போ ஃபேஷன். ரெட்டைப் படத்தை ஒரு கருவிக்குள்ள வச்சுப் பாத்தா முப்பரிமாணமா தெரியும். அந்தச் சின்னப் படங்களுக்கு நுணுக்கம் வேணும், அதனால அதுக்கு மட்டும் கண்ணாடி. எதை எடுக்குறோம், எப்படிப் போறோம்னு பாத்து ரெண்டு செட்டு. எல்லாத்துக்கும் ஒரே கேமரான்னு அவர் தேடவே இல்ல.

கேமரா ஏன் அவ்ளோ பெரிசுன்னு ஒரு சின்னக் கணக்கு. அப்போ நெகட்டிவைப் பெருசாக்கிப் பிரிண்ட் போடுற வழக்கம் கிடையாது. நெகட்டிவை காகிதத்து மேல ஒட்டி வச்சு வெயில்ல காட்டினா அதே அளவுல படம். அப்ப உங்களுக்குப் பெரிய படம் வேணும்னா பெரிய நெகட்டிவ் வேணும், பெரிய நெகட்டிவ் வேணும்னா பெரிய கேமரா வேணும், பெரிய கேமரா வேணும்னா வண்டி மாடு வேணும். டிரைப்போட படங்கள் ஏறக்குறைய பத்துக்குப் பதினாலு அங்குலம். சதுர மில்லிமீட்டர்ல போட்டா சுமார் தொண்ணூறாயிரம். இன்னிக்கு நல்ல காம்பாக்ட் கேமராவுல இருக்கிற 'ஒரு இன்ச்' சென்சார் (பேருதான் ஒரு இன்ச், நிஜத்துல 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்) 116 சதுர மில்லிமீட்டர். ஏறக்குறைய எண்ணூறுல ஒரு பங்கு. எண்ணூறு மடங்கு சுருங்கினதாலதான் மாடு போய் சட்டைப்பை வந்துச்சு.

ஃபோட்டோஷாப் பண்றது ஏமாத்து வேலைன்னு சொல்ற பெரியவங்களுக்கு ஒரு தகவல். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல நிறம் மட்டும் ஜாஸ்தியா உறைக்கும். அதனால வானம் வெளுத்து, திட்டுத் திட்டா வந்துடும். டிரைப் நெகட்டிவ்ல தூரிகையால சாயம் தடவி மேகம் வரைஞ்சார், மரத்துக்கு இலை கூடச் சேர்த்தார். 1858-ல! அதே மாதிரி, இப்ப ஃபோன்ல இழுத்து எடுக்கிறோமே பனோரமா, அதையும் செஞ்சார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோட அடித்தளத்துல ராஜராஜன் வெட்டி வச்ச கல்வெட்டுகள் வரிவரியா ஓடும் இல்லையா, அதை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். நீளம் சுமார் 19 அடி.

எல்லாம் சரி, ஆனா அவரோட தேர்வுக்கு ஒரு விலை உண்டு. அந்த ஆல்பங்களைப் புரட்டினா ஏதோ ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கும். மண்டபம் இருக்கு, தெரு இருக்கு, குளம் இருக்கு. ஆளுங்க ரொம்பக் கம்மி. நிமிஷக்கணக்குல வெளிச்சம் காட்டினா நடக்கிற மனுஷன் படத்துல விழ மாட்டான். தண்ணி தூக்கினவங்க, மாடு ஓட்டினவங்க, வண்டியைச் சுத்தி வேடிக்கை பாத்த பொடிசுங்க (கண்டிப்பா இருந்திருப்பாங்க, நம்ம ஊராச்சே) எல்லாரும் லென்சுக்கு முன்னாடி நடந்துதான் போனாங்க. யாரும் மிச்சம் இல்ல. அந்த வருஷத்துப் புதுக்கோட்டையோட கல் நமக்குக் கிடைச்சுது, சனங்க கிடைக்கல. கருவி எதைப் பாக்காதோ அது வரலாத்துல இருந்தே காணாமப் போயிடுது. கேமரா வாங்குறதை ஒரு ஷாப்பிங் சமாச்சாரமா மட்டும் என்னால பாக்க முடியாததுக்கு இதுதான் காரணம்.

டிரைப்போட கதை சட்டுன்னு முடிஞ்சுது. 1859-ல கவர்னரா வந்த சார்லஸ் டிரெவெல்யன் கலகத்துக்கு அப்புறம் கஜானா இருக்கிற நிலைமையில இது ஆடம்பரம்னு கடையை மூடச் சொல்லிட்டார். டிரைப் பட்டாள வேலைக்கே திரும்பினார், கேமராவை அனேகமா கைவிட்டுட்டார். 1902-ல பிறந்த ஊர்லயே காலமானார். பட்ஜெட் கட் ஆனதும் முதல்ல போறது எந்த டீம்னு ஐ.டி.காரனுக்குச் சொல்லவா வேணும்.

காம்பாக்ட் கேமராவோட தாத்தா யாருன்னு கேட்டா பொதுவா லைக்காவைச் சொல்வாங்க. அதை வடிவமைச்ச ஆஸ்கர் பார்னாக் ஒரு ஆஸ்துமாக்காரர். மலை நடைக்குப் போறப்ப கண்ணாடித் தகடு கேமராவைச் சுமக்க மூச்சு வாங்குச்சு. சினிமா ஃபிலிமை வச்சு ஒரு குட்டிக் கேமரா பண்ணிப் பாத்தார். 1913, 14 வாக்குல மாதிரி தயார், 1925-ல கடைக்கு வந்துச்சு. உலகம் பூரா தெருவுல நடந்து படம் எடுக்கிற ஒரு கூட்டமே அதனால உருவாச்சு. இதுக்கு நேர் எதிரா நம்ம பக்கத்துல ஒருத்தர். பத்மாவதி சரித்திரம் எழுதின அ.மாதவையாவோட பையன் மா.கிருஷ்ணன் (1912-1996). காட்டு விலங்குகளை, அதுவும் கறுப்பு வெள்ளையில, பழகின யானை மேல உக்காந்தபடியே எடுத்தவர். கடையில கிடைச்ச எதுவும் அவர் வேலைக்குச் சரிப்படாததால அங்கங்கே கிடைச்ச பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா பூட்டிக்கிட்டார். அதுக்கு அவர் வச்ச பேரு 'சூப்பர் பாண்டெரோசா'. கனமான, பாக்க விநோதமான சாமான். யானை முதுகுல போறவருக்குக் கனத்தைப் பத்தி என்ன கவலை? மூச்சு வாங்கினவர் சின்னதாப் பண்ணார், யானை வச்சிருந்தவர் பெருசாப் பண்ணார். ரெண்டும் சரியான முடிவு.

நம்ம வீடுகளுக்கு இதெல்லாம் வரல. நமக்கு வந்தது அக்ஃபா கிளிக் III, அப்புறம் யாஷிகா, அப்புறம் கோடக் கேபி 10. ஊட்டியில இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' ஃபிலிம் தயாரிச்ச காலம் அது. 36 படம்னா 36தான். சித்தி கல்யாணம், தாத்தா, புது டிவிஎஸ் 50, அவ்ளோதான் ரோல் முடிஞ்சுது.

டிஜிட்டல் வந்து, அதுல 'அட்வான்ஸ்ட் காம்பாக்ட்'னு தனி ஜாதி உருவானது 2000-ல கேனான் ஜி1 வந்தப்பன்னு வச்சுக்கலாம். சட்டைப்பையில (சரி, கொஞ்சம் பெரிய சட்டைப்பையில) அடங்கும், ஆனா எஸ்எல்ஆர் மாதிரி எல்லாத்தையும் கையால திருப்பி வைக்கலாம், 'ரா' கோப்பும் கிடைக்கும். ரா-ன்னா சமைக்காத படம். டிரைப்போட நெகட்டிவ்னு நினைச்சுக்குங்க, மேகம் வரையறதும் வரையாததும் உங்க இஷ்டம்.

இந்த ஜாதியோட பத்து வருஷ சரித்திரம் பயங்கர சுவாரசியம். கம்பெனிகள் எங்கே தடுமாறினாங்கன்னு பாத்தாலே எதை வாங்கணும்னு புரிஞ்சுடும். 2006-ல கேனான் ஜி7-ல ரா-வையும் மடக்குத் திரையையும் எடுத்துட்டாங்க. பயனாளிகள் கத்தினதும் அடுத்த வருஷம் ஜி9-ல ரா திரும்பி வந்துச்சு. 2008-ல ஜி10-ல 14.7 மெகாபிக்சல் போட்டாங்க, கை நகத்தளவு சென்சார்ல! வெயில்ல அருமையா இருக்கும், சாயங்காலம் ஆனா படம் பூரா மணல் தெளிச்ச மாதிரி புள்ளி. அதே 2008-ல பானசோனிக் எல்எக்ஸ்3 வந்துச்சு. 10 மெகாபிக்சல்தான், ஜூமும் குட்டி, 24-ல இருந்து 60 மி.மீ. ஆனா லென்ஸ் எஃப் 2.0, கேமராவும் இருட்டுல தாக்குப் பிடிச்சுது. மறு வருஷம் கேனான் என்ன பண்ணாங்க தெரியுமா? ஜி11-ல மெகாபிக்சலை 10-க்கு இறக்கிட்டாங்க, மடக்குத் திரையையும் திரும்பக் கொடுத்தாங்க. நம்பரை ஏத்தியே பொழைப்பு நடத்தின தொழில்ல நம்பரை இறக்கின அபூர்வ சம்பவம். இதுக்கெல்லாம் வெளியே நின்னுக்கிட்டு ரிக்கோ 2005-லயே ஜிஆர் டிஜிட்டல்னு ஒண்ணு விட்டாங்க. ஜூமே கிடையாது, 28 மி.மீ. மட்டும். வேணும்னா கிட்ட நடந்து போ. ஜப்பான்ல டைடோ மொரியாமா மாதிரி தெருப் புகைப்படக்காரர்கள் கொண்டாடின வரிசை அது. 2012-ல சோனி ஆர்எக்ஸ்100 ஒரு இன்ச் சென்சாரோட வந்து விளையாட்டையே மாத்திடுச்சு. ஜி வரிசை சென்சாரை விட ரெண்டரை மடங்குக்கு மேல பரப்பு, உடம்பு அதைவிடச் சின்னது. அதுக்குள்ள ஃபோன்கள் வந்து மலிவு காம்பாக்ட்களை மொத்தமா முழுங்கிடுச்சு. பிழைச்சது இந்த மேல்தட்டு ஜாதி மட்டும்தான். 2024-ல ஃபுஜி எக்ஸ்100-6 வந்தப்ப காசு கையில வச்சுக்கிட்டே மாசக்கணக்குல காத்திருந்தாங்க, செத்துப் போச்சுன்னு எழுதப்பட்ட ஒரு ஜாதிக்கு.

சரி, இதையெல்லாம் நம்ம மாவட்டத்துல இறக்கிப் பாக்கலாம். கடையில தேர்வு பண்றதை விட இங்கே தேர்வு பண்றது சுலபம்.

சித்தன்னவாசல் குகைக்கோயில். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியம், கூரையில தாமரைக்குளம், பூப்பறிக்கிற துறவிகள், மீன், யானை. பல இடத்துல மங்கி உதிர்ந்தாச்சு. வெளிச்சம் வாசல் வழியா வர்றது மட்டும். தொல்லியல் துறை இடங்கள்ல கையில பிடிச்சு எடுக்கலாம், டிரைபாடுக்குத் தனி அனுமதி வேணும். ஃப்ளாஷ் பத்திப் பேசவே கூடாது, ஆயிரத்து நூறு வருஷச் சாயம் அது. காவலர் எடுக்காதீங்கன்னு சொல்ற இடத்துல பைக்குள்ள வச்சுடணும். அப்ப மிச்சம் என்ன? லென்ஸ் எவ்ளோ அகலமா திறக்கும், அது ஒண்ணுதான். எஃப் 2-ல கிடைக்கிற வெளிச்சம் எஃப் 4.8-ஐ விட அஞ்சே முக்கால் மடங்கு. பெரிய ஜூம் கேமராவை இழுத்துப் பிடிச்சு எடுத்தா லென்ஸ் திறப்பு சுருங்கிடும், கை ஆடும், துறவி ரெட்டையா தெரிவார். எல்எக்ஸ்3 மாதிரி சின்ன ஜூம்காரன் இங்கே ராஜா. பழசு செகண்ட்ஹேண்ட்ல கிடைச்சா இப்பவும்தான்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்குப் போனா கதை வேற. பாறைச் சரிவுல கிரந்த எழுத்துல ஸ்வர வரிசைகள். நல்ல வெயில், வெளிச்சப் பிரச்சினையே கிடையாது. ஆனா உச்சி வெயில்ல போய் நேரா எடுத்தா பாறைதான் தெரியும், எழுத்து தெரியாது. எழுத்து ஒரு பள்ளம், பள்ளத்துக்கு நிழல் விழுந்தாத்தான் கண்ணுக்குப் படும். காலையிலயோ சாயங்காலமோ வெளிச்சம் பக்கவாட்டுல தடவற நேரத்துல போகணும். இல்லைன்னா ஃப்ளாஷைக் கேமராவுல இருந்து கழட்டி ஓரமா பிடிக்கணும். (ஓவியத்துக்குத்தான் ஃப்ளாஷ் ஆகாது. வெட்டவெளிப் பாறை நம்ம ஃப்ளாஷை விடப் பெரிய சூரியனைப் பாத்தது.) அதுக்குக் கேமரா தலையில ஃப்ளாஷ் மாட்டுற 'ஹாட் ஷூ' வேணும். ஜி வரிசையில உண்டு. முதல் ஆர்எக்ஸ்100-ல கிடையாது, ரெண்டாவதுல வந்துச்சு. கடைக்காரர் சொல்ற பட்டியல்ல இந்த ஒரு வரி எங்கேயோ அடியில கிடக்கும். கல்வெட்டுப் பைத்தியங்களுக்கு அதுதான் முதல் வரி.

ஆவுடையார்கோயில் கொடுங்கை பாக்கப் போறவங்களுக்கு ஜூம் வேணும். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைச்சு, ஆணி, கம்பி எல்லாம் கல்லுலயே பண்ணி வச்சிருக்காங்க, எல்லாம் தலைக்கு மேல. ஆனா கோயிலுக்குள்ள எங்கே எடுக்கலாம், எங்கே கூடாதுன்னு முதல்ல அலுவலகத்துல கேட்டுக்கணும். 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள்ள செல்ஃபோனே கூடாதுன்னு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கட்டும்.

தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்குக் காம்பாக்ட் தூக்கிட்டுப் போறவங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். பட்டனை அழுத்தினதும் அது யோசிக்கும். அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மாடு வாடிவாசலைத் தாண்டி, களத்தைத் தாண்டி, ஊரையே தாண்டிப் போயிருக்கும். பழைய காம்பாக்ட்கள்ல இது பெரிய வியாதி. புதுசுல, ஆர்எக்ஸ்100 ஏழாவது மாதிரி மாடல்கள்ல, ரொம்பக் குறைஞ்சிருக்கு. இருந்தாலும் அங்கே பெரிய கேமராதான் சரி. டிரைப் பாணியில சொல்லணும்னா, அதுக்கு வேற வண்டி கட்டணும்.

நடந்துக்கிட்டே எடுக்கிறவங்க, கீழராஜ வீதியில சாயங்காலம், சந்தையில, திருவிழாக் கூட்டத்துல மனுஷங்களை எடுக்கிறவங்க, ஜூமை மறந்துடுங்க. ஜிஆர், எக்ஸ்100 மாதிரி ஒரே கோணம். எவ்ளோ தூரத்துல நின்னா எவ்ளோ விழும்னு ஒரு மாசத்துல காலுக்கே தெரிஞ்சுடும். சின்னக் கேமராங்கிறதால யாரும் விறைச்சுக்கிட்டு போஸ் கொடுக்கவும் மாட்டாங்க. கேட்டுட்டு எடுங்க, அவ்ளோதான். டிரைப்போட பெட்டியில விழாமப் போன ஆளுங்க இவங்கதான்.

"இதெல்லாம் எதுக்கு, ஃபோன் போதாதா?" போதும், பல நேரத்துக்குப் போதும். கூட்டத்துல ஃபோன் எடுக்கிற படம் என் கேமரா எடுக்கிறதை விட நல்லாவே இருக்கு. ஒரு இடத்துல மட்டும் எனக்குச் சந்தேகம். ஃபோன் ஒரு தடவை தட்டினா பல படம் எடுத்து, கலந்து, புள்ளியை வழிச்சு, ஓரத்தைக் கூர்மையாக்கி ஒரு படமா கொடுக்குது. முகத்துக்கு அது அழகு. தேய்ஞ்சுபோன கல்வெட்டுல ஒரு எழுத்து ரகரமா காலான்னு படிக்கிறவங்க மண்டையை உடைச்சுக்கிறப்ப, அந்த எழுத்தை ஃபோன் தன்னிச்சையா இழைச்சுக் கொடுத்தா? அதுக்குத்தான் ரா. ஃபோன்லயும் ரா எடுக்கிற வசதி இருந்தா போட்டு வச்சுக்குங்க.

இவ்ளோ கறாரா பாக்கணுமான்னு கேட்டா, ஒரு உதாரணம் சொல்றேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான்ல பூட்டிக் கிடந்த ஒரு சிவன் கோயில். அங்கேயிருந்த சோழர் கால நடராஜர் திருடு போய், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் கை வழியா 2008-ல ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போயிட்டார். விலை ஐம்பது லட்சம் டாலர். பேப்பரெல்லாம் சுத்தமா இருந்துச்சு, அதாவது போலியாத் தயாரிச்சிருந்தாங்க. அதை உடைச்சதுல முக்கியப் பங்கு ஒரு புகைப்படத்துக்கு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க 1950-களின் மத்தியில இருந்து ஊர் ஊராப் போய் கோயில் சிற்பங்களை, செப்புத் திருமேனிகளை எடுத்துக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணரை லட்சம் படத்துக்கு மேல. அதுல ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இருந்தார், 1994-ல எடுத்தது. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அதே திருவாசி, அதே தேய்மானம். 2014-ல சிலை இந்தியாவுக்கு வந்துச்சு.

அந்த மாதிரிப் படங்கள்ல கலையே கிடையாது. நேரா நின்னு, முழு உருவமும் விழற மாதிரி, எல்லா இடமும் துல்லியமா, பின்னாடி ஒரு துணி. பின்புலத்தை மங்க வச்சு எடுக்கிற 'பொக்கே' மோகத்துல இருக்கிற நம்ம பசங்க பாத்தா பாஸ்போர்ட் ஃபோட்டோன்னு சிரிப்பாங்க. அந்தப் பாஸ்போர்ட்லதான் சாமி ஊருக்குத் திரும்பினார்.

நம்ம மாவட்டத்துல ஒவ்வொரு அய்யனார் திடல்லயும் மண் குதிரைகள் வருஷா வருஷம் உடையுது, இல்லாட்டி எனாமல் பெயின்ட் ஏறுது. திருப்பணின்னா தூண் மேல மணல் பீய்ச்சி அடிக்கிறாங்க, சிற்பத்தோட மூக்கு மழுங்கிடுது. எல்லாத்துக்கும் பிரெஞ்சு நிறுவனம் வராது. உங்க ஊர்க் குதிரையை எடுக்க ஜி11 போதும், பழைய ஃபோன் கூடப் போதும். முன்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, பின்னாடி ஒண்ணு. பக்கத்துல ஒரு அடிக்குச்சி வச்சா அளவும் தெரியும். கேமராவுல தேதியைச் சரியா வச்சுக்குங்க, கோப்புப் பேர்ல ஊர்ப் பேரைப் போடுங்க. டிரைப் தன்னோட படங்கள்ல கையெழுத்தும் நம்பரும் போட்டு வச்சவர், அதனாலதான் எது எந்த ஊர்னு இன்னிக்கும் சொல்ல முடியுது. 'ஐஎம்ஜி_4471'-ஐ வச்சு நாளைக்கு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மாசி மகத்துக்குக் குளமங்கலம் போறதா இருக்கேன். அய்யனார் கோயில் முன்னாடி நிக்கிற அந்தப் பிரம்மாண்டக் குதிரைக்குத் தலையில இருந்து தரை வரைக்கும் காகித மாலை போடுவாங்க, அடுத்தடுத்து, குதிரையே தெரியாத அளவுக்கு. குதிரைக்கு 24 மி.மீ. வேணும், மாலை கட்டிக்கிட்டு வர்ற சனங்களுக்கு 35 போதும். ரெண்டு கேமரா எடுத்துட்டுப் போறேன்.